சம்பந்தி வண்டியின் வைப்பர் நின்ற விவரம்

ஈசூன்,
செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி திரு. கதிரேசன் அவர்கள் சமூகத்திற்கு, பெண்ணைக் கொடுத்த சிதம்பரம் இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி பஞ்சவர்ணமும் முருகன் புண்ணியத்தில் சௌக்கியம். செம்பவாங்கில் தாங்களும், சம்பந்தியம்மா ரத்தினம்மா அவர்களும், மாப்பிள்ளை ரஞ்சனும், எங்கள் மகள் மோகனப்பிரியாவும் அப்படியே இருக்க வேண்டும். தங்கள் பழைய கார் சீமாட்டியும், எங்கள் குடியிருப்புப் புளோக்கின் அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில், சாரல் படாத மூலையாகப் பார்த்து நிறுத்தப்பட்டு, பஞ்சவர்ணத்தின் பூப்போட்ட போர்வையைப் போர்த்திக்கொண்டு சௌக்கியமாகவே இருக்கிறாள்.

இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுகிறான் என்று தாங்கள் கேட்கலாம். கல்யாணத்துக்காகத் தொடங்கிய வாட்ஸாப் குழுவிலிருந்து தாங்கள் என்னை நீக்கிவிட்டீர்கள். போன் அடித்தால் எடுப்பதில்லை. நேரில் வந்து நின்றால் கதவு திறக்குமா என்று எனக்குப் பயமாக இருக்கிறது. தபால்காரர் ஒருவரைத்தான் தாங்கள் குழுவிலிருந்து நீக்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுவீட்டு விருந்துக்கு வரமாட்டேன் என்று தாங்கள் சொன்னதாக என் பெண் போனில் சொன்னாள். "பொண்ணு இஷ்டமில்லாமதான் வந்துச்சு. காருக்குள்ள குனிஞ்சு உக்காந்து அழுதுச்சு. அப்பன்காரன் சத்தம் போட்டுக்கிட்டே ஓட்டிட்டு வந்தான். என் கண்ணால பார்த்தேன்" என்றீர்களாம். அவளும் மாப்பிள்ளையும் நடந்ததை எடுத்துச் சொன்னபோது, "என் வண்டியில ட்யூப் ஓட்டையா? சான்ஸே இல்ல லா" என்று எழுந்து போய்விட்டீர்களாம். ஆக, வண்டிமேல் ஒரு குறை வருவதைவிட மருமகள்மேல் ஒரு குறை வருவது தங்களுக்குச் சுலபமாக இருக்கிறது. இதை நான் கோபத்தில் எழுதவில்லை. இல்லை, கோபத்தில்தான் எழுதுகிறேன், மன்னிக்கவும். புகுந்த வீட்டில் கால் வைத்த வாரமே என் பெண் 'அழுதுகொண்டு வந்தவள்' என்று பெயர் வாங்கினால், எனக்கு எப்படிச் சோறு இறங்கும்? ஆகவே நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், தயவுசெய்து பாதியில் எழுந்து போகாதீர்கள்.

கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் தாங்கள் சீமாட்டியைக் கொண்டுவந்து எங்கள் புளோக்குக்குக் கீழே நிறுத்தினீர்கள். பெண் இந்த வண்டியில்தான் கோயில் வாசலில் இறங்க வேண்டும், வீடியோக்காரரிடமும் சொல்லியாகிவிட்டது என்றீர்கள். ஒரு பூ, ஒரு பொட்டு, ஒரு ரிப்பன்கூட வண்டியில் ஒட்டக் கூடாது, கட்டக் கூடாது, பானெட்டைத் திறக்கவே கூடாது என்றும் சொன்னீர்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கடைசியாக வைப்பரைக் காட்டி, "இது கரண்டுல ஓடுற வைப்பர் இல்ல சம்பந்தி. என்ஜின் மூச்சை உள்ள இழுக்குதுல்ல, அந்த இழுப்புல ஓடுது. பெடல அமுக்கினா இழுப்பு குறைஞ்சு வைப்பர் தூங்கும். காலை எடுத்தா பறக்கும். அவ்வளவுதான்" என்றீர்கள். ஒரு பாட்டில் தண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றி ஓட்டியும் காட்டினீர்கள், நன்றாகத்தான் ஓடியது. ஆயுசு முழுக்க பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவனுக்கு இதெல்லாம் பாடமா என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். மழை வந்தால்தானே வைப்பர் என்று வேறு நினைத்தேன். அப்படி நினைத்திருக்கக் கூடாது. தாங்கள் போன பிறகு புளோக்கே கீழே இறங்கி வந்து சீமாட்டியோடு நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டது. பஞ்சவர்ணம் மாடியிலிருந்து அதைப் பார்த்து வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

காலையில் சொந்தக்காரர்கள் எல்லோரும் பஸ்ஸில் முன்னால் போய்விட்டார்கள். சீமாட்டியில் நாங்கள் நான்கு பேர்தான். நான் ஓட்ட, என் மைத்துனர் வடிவேலு பக்கத்தில் உட்கார, பின்னால் கல்யாணப் பெண்ணும் பஞ்சவர்ணமும், இருவர் மடியிலும் சீர்த்தட்டுகள். ஈசூனைத் தாண்டும்வரை வெயில். விரைவுச்சாலையில் ஏறியதும் வானம் கறுத்து ஒரு மழை பிடித்தது பாருங்கள், முன்னால் போன லாரியின் பின்விளக்குகூடத் தெரியவில்லை. வைப்பரைப் போட்டேன். தாங்கள் சொன்னபடியே நடந்தது. காலை எடுத்தால் வைப்பர் ஓடுகிறது, வண்டி ஓடவில்லை. காலை வைத்தால் வண்டி ஓடுகிறது, வைப்பர் ஓடவில்லை. சரி என்று கொஞ்சம் அமுக்கி, கொஞ்சம் விட்டு, அமுக்கி, விட்டு, விரைவுச்சாலையில் தவளை மாதிரி போனேன். ஒவ்வொரு முறை விடும்போதும் பின்சீட்டில் என் பெண்ணின் நெற்றிச்சுட்டி முன்னால் ஆடுகிறது, அமுக்கும்போது பின்னால் போகிறது. "அப்பா, எனக்கு வாந்தி வருது" என்று என் பெண் சொன்னாள். "வாந்தி எடுத்தா பட்டு போச்சு, முழுங்கு" என்றாள் அவள் அம்மா. பின்னால் வந்த டாக்சிக்காரன் அடித்த ஹார்னை இப்போது நினைத்தாலும் காது கூசுகிறது.

அதுகூடப் பரவாயில்லை. திடீரென்று உள்ளே எங்கேயோ 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம். "என்னங்க, பாம்பு!" என்று பஞ்சவர்ணம் தட்டோடு காலைத் தூக்கிக்கொண்டாள். சத்தம் வந்த கையோடு வைப்பர் கண்ணாடியின் பாதியில் அப்படியே நின்றது. காலை எடுத்தேன், நின்றது. வைத்தேன், நின்றது. கெஞ்சினேன், நின்றது. சம்பந்தி, அப்போது நான் பயந்துவிட்டேன். பஸ்ஸில் எத்தனையோ பேரை ஏற்றிக்கொண்டு எத்தனையோ மழையில் போயிருக்கிறேன், ஒரு நாளும் பயந்ததில்லை. பின்னால் உட்கார்ந்திருப்பது என் ஒரே பெண், முன்னால் ஒன்றுமே தெரியவில்லை. வலது ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டினேன். வடிவேலு இடது ஜன்னலில் நீட்டினார். அவர் "லெஃப்ட் ஓகே, லெஃப்ட் ஓகே" என்று கத்த, நான் ஊர்ந்து ஊர்ந்து விரைவுச்சாலையை விட்டு இறங்கி, தோ பாயோவில் கண்ணில் பட்ட முதல் அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்துக்குள் வண்டியை விட்டேன். என் நெற்றியில் திருநீறு ஏன் இல்லை என்று கோயிலில் கேட்டீர்களே, அது தோ பாயோ போகும் வழியில் கரைந்து போனது.

ஒன்பது மணிக்குள் தாலி ஏற வேண்டும். ஒன்பது தாண்டினால் முகூர்த்தமும் போச்சு, மண்டபமும் போச்சு, அடுத்த கல்யாணக்காரர்கள் மாலையோடு வாசலில் நிற்பார்கள். வடிவேலு போனில் வாடகைக் கார் தேடினார். கொட்டுகிற மழையில் ஒவ்வொரு டிரைவராக வருகிறேன் என்று சொல்லி கேன்சல் செய்தார்கள். பிறகு அவர் இந்த மாதிரி வைப்பரைப் பற்றி ஒரு வெள்ளைக்காரர் பேசும் வீடியோவைக் கண்டுபிடித்தார். "கண்ணாடில சோப்பு தேய்ச்சா தண்ணி நிக்காதாம் அத்தான், வைப்பரே வேணாமாம்" என்றார். சோப்புக்கு எங்கே போவது? சீர்த்தட்டில் இருந்தது. சந்தன சோப்பு. அந்தத் தட்டில் சோப்பு ஏன் பாதி கரைந்து நாய் நக்கியது போல் இருந்தது என்று தங்கள் அக்கா என் மனைவியிடம் கேட்டாராம், காரணம் இதுதான். வடிவேலு தேய்த்த தேய்ப்பில் கண்ணாடி முழுக்க நுரை. அதுவரை ரோடுதான் தெரியவில்லை, அதற்குப் பிறகு வண்டியின் மூக்கும் தெரியவில்லை.

நுரையைத் துடைத்துவிட்டு, தாங்கள் இட்ட கட்டளையை மீறி, பானெட்டைத் திறந்தோம். வேறு வழியில்லை. என்ஜினிலிருந்து ஒரு கறுப்பு ரப்பர் ட்யூப் கிளம்பி, சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே டாஷ்போர்டுக்குக் கீழே போகிறது. இந்தப் பக்கம் ட்யூப் நன்றாக இருந்தது. வைப்பர் கையை ஆட்டிப் பார்த்தோம், எங்கேயும் இறுகவில்லை. சுவிட்சையும் முறுக்கிப் பார்த்தோம். என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது, 'உஸ்ஸ்' சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தது, வைப்பர் மட்டும் அசையவில்லை. கோயிலிலிருந்து மாப்பிள்ளை போன் செய்து, "மாமா, எங்க இருக்கீங்க? அப்பா டென்ஷன் ஆயிட்டாரு" என்றார். "பக்கத்துல வந்துட்டோம் மாப்பிள்ளை" என்று பொய் சொன்னேன்.

பஞ்சவர்ணத்துக்கு மெக்கானிக் வேலையில் நம்பிக்கை போய்விட்டது. "கண்ணுதாங்க. நேத்து புளோக்கே நின்னு கண்ணு வச்சிச்சு" என்று ஆரத்திப் பையிலிருந்து கப் சாம்பிராணியை எடுத்துப் பற்றவைத்தாள். கார் நிறுத்துமிடத்தில் புகை போடக் கூடாது என்று வடிவேலு சொன்னது அவள் காதில் விழவே இல்லை. வண்டியை மூன்று சுற்று சுற்றினாள். பிறகு முன்கதவைத் திறந்து உள்ளேயும் காட்டினாள். கண் எரிகிற புகை. எல்லோரும் இருமிக்கொண்டு நிற்கிறோம், மணி ஓடுகிறது, எனக்கு அழுகை வருகிறது. அப்போதுதான் பின்சீட்டிலிருந்து என் பெண், "அப்பா, புகை எங்க போகுது பாருங்க" என்றாள்.

சாம்பிராணிப் புகை மேலேதானே போக வேண்டும்? அது மேலே கிளம்பி, வளைந்து, டாஷ்போர்டுக்கு அடியில் இருட்டுக்குள், யாரோ வாய் வைத்து உறிஞ்சுவது போல் கீழே இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. என் பெண் ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் தாதி என்பது தங்களுக்குத் தெரியும், மூச்சுக் குழாயோடுதான் அவளுக்குத் தினமும் வேலை. பட்டுப் புடவையைச் சுருட்டிக்கொண்டு முன்சீட்டுக்கு வந்தாள், குனிந்தாள், வளையல் கையை இருட்டுக்குள் விட்டுத் தடவினாள். 'உஸ்ஸ்' நின்றது. அடுத்த நொடி வைப்பர் டக் டக் என்று ஓடியது. கையை எடுத்தாள், வைப்பர் நின்றது. வைத்தாள், ஓடியது. எனக்கு அந்த இடத்திலேயே அவளைக் கும்பிட வேண்டும் போல இருந்தது.

"ட்யூப் கிழிஞ்சிருக்குப்பா. கட்டைவிரல வச்சா இழுத்துப் பிடிச்சுக்குது. நான் பிடிச்சுக்கறேன், நீங்க ஓட்டுங்க" என்றாள். ஒட்டுவதற்கு டேப் இல்லை. அவள் கைப்பையில் இருந்த பிளாஸ்திரியை ஒட்டினோம், ஈரத்தில் நழுவிவிட்டது. வடிவேலு "நீ மணப்பொண்ணும்மா, நான் பிடிக்கிறேன்" என்று முன்வந்தார். அவருடைய மோதிரக் கை அந்தச் சந்துக்குள் நுழையவே இல்லை, பின்சீட்டுக்குப் போய்விட்டார். ஆகவே தங்கள் மருமகள், முழு நகையோடு, தலை நிறைய மல்லிகையோடு, தலையை டாஷ்போர்டுக்குக் கீழே கவிழ்த்து, மருதாணி விரலால் ட்யூப்பை அடைத்துக்கொண்டு, பாலஸ்டியர் ரோடு வழியாகச் சிராங்கூன் ரோடுவரை வந்தாள். சாம்பிராணிப் புகையில் அவள் கண் இரண்டும் கோவைப்பழம். மூக்கில் தண்ணீர் வேறு. நான் ஓட்டிக்கொண்டே, "இன்னும் கொஞ்ச நேரம்தாம்மா, பொறுத்துக்க, கையை எடுத்துராத" என்று கத்திக்கொண்டே வந்தேன். அவள் ஒரு முறைகூட வலிக்கிறது என்று சொல்லவில்லை. "வண்டிய கவனிங்கப்பா" என்று மட்டும் சொன்னாள்.

கோயிலுக்கு நூறு அடி முன்னால் நெரிசலில் மாட்டி நின்றோம். அப்போதுதான் தாங்கள் குடையோடு மழையில் ஓடிவந்து கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தீர்கள். தாங்கள் என்ன பார்த்திருப்பீர்கள் என்று எனக்கு இப்போது புரிகிறது. கல்யாணப் பெண் குனிந்து கண் சிவக்க உட்கார்ந்திருக்கிறாள், பின்னால் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டிருக்கிறாள், அப்பன் பெண்ணைப் பார்த்துக் கத்துகிறான். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் ஜன்னலைத் தட்டிக் கேட்டிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேனே! தாங்கள் திரும்பி நடந்துவிட்டீர்கள்.

முருகன் கைவிடவில்லை. ஓடி இறங்கி, ஓடி உட்கார்ந்து, ஐயரும் மந்திரத்தை விரட்டி, நேரத்துக்குள் கெட்டிமேளம் கொட்டிவிட்டது. மாப்பிள்ளை கை பிடித்தபோது அவள் கட்டைவிரலில் வட்டமாக ஒரு கன்றிப்போன தடம் இருந்ததைப் பார்த்துக் கேட்டாராம், அவள் மணவறையிலேயே சொல்ல, இருவரும் சிரித்தார்கள். வீடியோவில் பாருங்கள், இஷ்டமில்லாத பெண் சிரிக்கிற சிரிப்பா அது? தாங்கள் அதைப் பார்க்கவில்லை. அட்சதையைத் தாங்கள் மாப்பிள்ளை தலையில் மட்டும் போட்டீர்கள். என் பெண் தலையில் ஒரு மணிகூட விழவில்லை. மற்றவர்கள் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். அன்றிலிருந்து என்னால் மறக்க முடியாதது அது ஒன்றுதான்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். டாக்சியில் வீட்டுக்குப் போன தாங்கள் சீமாட்டியை என்னிடமே விட்டுவிட்டீர்கள். நேற்று நான் தனியாக டார்ச் லைட்டோடு டாஷ்போர்டுக்குக் கீழே மல்லாந்து படுத்துப் பார்த்தேன். சம்பந்தி, ட்யூப் தானாகக் கிழியவில்லை. அந்த இருட்டுக்குள் ஓர் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துக் கட்டியிருந்தது. அதை ஒரு ஊக்கால், நேராக அந்த ட்யூப்பிலேயே குத்தி மாட்டியிருக்கிறார்கள். எலுமிச்சை ஆட ஆட ஓட்டை கிழிந்து பெரிதாகியிருக்கிறது. தங்கள் வண்டியில் பூகூடக் கட்டக் கூடாது என்பது தங்கள் சட்டம். ஆகவே, தங்களுக்குத் தெரியாமல், திருஷ்டிக்குப் பயந்து, தங்கள் வீட்டில் யாரோதான் இதை மறைவாகக் கட்டியிருக்க வேண்டும். யார் என்று நான் சொல்ல மாட்டேன். சம்பந்தியம்மாவைத் தாங்கள் கோபிக்க வேண்டாம், நல்ல மனசோடுதான் செய்திருப்பார். ஆனாலும், தங்கள் வீட்டு எலுமிச்சம்பழம் செய்த வேலைக்கு என் பெண் பழி சுமப்பது எந்த ஊர் நியாயம்? கிழிந்த ட்யூப்புத் துண்டையும் அந்த ஊக்கையும் அத்தாட்சியாக இந்த உறையில் வைக்கிறேன். ஊக்கின் தலையில் சிவப்பு நூல் சுற்றியிருப்பதைக் கவனிக்கவும். அது தங்கள் வீட்டு வழக்கமாக இருக்கும் போல. எங்கள் வீட்டு ஊக்குகளை நான் பார்த்ததில்லை, ஆனால் எங்களுக்கு அப்படி ஒரு வழக்கம் இருந்தால் எனக்குத் தெரியாமல் இருக்குமா?

புது ட்யூப் வாங்கி மாட்டிவிட்டேன். வைப்பர் சிட்டாகப் பறக்கிறது. ஞாயிறு காலை சீமாட்டியை நானே ஓட்டி வந்து தங்களையும் சம்பந்தியம்மாவையும் விருந்துக்கு அழைத்து வருகிறேன். மீன் குழம்பு தங்களுக்குப் பிடிக்கும் என்று மாப்பிள்ளை சொல்லியிருக்கிறார். நீங்கள் வராவிட்டால் என் பெண் எங்கள் வீட்டு வாசலிலும் தலை குனிந்துதான் நிற்பாள், இந்த முறை அடைப்பதற்கு ஓட்டையும் இருக்காது. வாருங்கள் சம்பந்தி. வந்து, விட்டுப்போன அட்சதையைப் போடுங்கள்.

பெரியவர்களுக்கு எங்கள் நமஸ்காரம். பிள்ளைகள் இருவரும் பதினாறும் பெற்று நிறைவாக வாழ எங்கள் ஆசி.

இப்படிக்கு,
தங்கள் அன்பை இன்னும் எதிர்பார்க்கும்
சிதம்பரம்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் பஞ்சவர்ணம் வந்து, மேசைமேல் கிடந்த ஊக்கை எடுத்து, "அட, இது இங்கயா கிடக்கு? காலையிலருந்து தேடுறேன்" என்றாள். சிவப்பு நூல் அவள் சுற்றியதாம். கோயில் சமையலுக்குப் போகும் இடத்தில் மற்றவர்கள் ஊக்கோடு கலந்துவிடாமல் இருக்க, பல வருடமாகச் சுற்றுகிறாளாம். புளோக்கு ஜனங்கள் செல்ஃபி எடுத்துவிட்டுப் போனதும், எனக்குத் தெரியாமல் சாவியை எடுத்துக்கொண்டு கீழே போய் எலுமிச்சம்பழத்தைக் கட்டினாளாம். "கறுப்புக் கயிறு மாதிரி ஒண்ணு இருந்துச்சு, அதுல குத்திட்டேன்" என்றாள். தோ பாயோவில் கண்ணு கண்ணு என்று கத்தியவள், அதற்குத்தானே கட்டினோம், பிறகு எப்படிப் பட்டது என்று மனசுக்குள் குழம்பிக்கொண்டே சாம்பிராணி காட்டினாளாம். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்ததைப் பார்த்து, "ஏன், பழசக் காணோம்னு இன்னைக்குக் காலையிலகூடப் புதுசா ஒண்ணு கட்டினேனே" என்றாள். அதே இடத்தில். புது ட்யூப்பில்.

திரும்ப எழுத எனக்குத் தெம்பு இல்லை, ஸ்டாம்பும் ஒட்டியாகிவிட்டது. ஆகவே மேலே 'தங்கள் வீட்டு எலுமிச்சம்பழம்' என்று வரும் இடத்தில் 'எங்கள் வீட்டு எலுமிச்சம்பழம்' என்றும், சம்பந்தியம்மாவைப் பற்றி எழுதிய இடத்தில் பஞ்சவர்ணம் என்றும் வைத்துப் படிக்கவும். சீமாட்டிமேல் ஒரு குற்றமும் இல்லை. ஞாயிறன்று மழை பெய்தால் முன்சீட்டில் குனிந்து வரப்போவது பஞ்சவர்ணம், கட்டைவிரலும் அவளுடையது. அட்சதையைப் பற்றி எழுதியதை மட்டும் மாற்ற வேண்டாம். அது எழுதியபடியே இருக்கட்டும்.